எந்தக் கோடு முதலில்?

1

ஜப்பானிய மொழித் தேர்வில் கையெழுத்துக்கு இடமே கிடையாது. ஜேஎல்பிடி என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தேர்வு என்5-ல் தொடங்கி என்1-ல் முடிகிறது. ஐந்து படிகளிலும் கொடுத்த விடைகளில் ஒன்றுக்கு நேரே உள்ள வட்டத்தைக் கறுப்பாக்குவதுதான் வேலை. கான்ஜி எழுத்தைப் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும், வாசிக்கத் தெரிய வேண்டும். எழுதத் தெரிய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனாலும் மறைமலை நகரில் ஒரு மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பத்துப் பதினைந்து பேர் கட்டம் போட்ட நோட்டில் ஒரே எழுத்தை இருபது முறை எழுதிக்கொண்டிருக்கிறோம். எழுதினால் மட்டும் போதாது, எந்தக் கோடு முதலில், எது இரண்டாவது, எது கடைசி என்பதும் சரியாக இருக்க வேண்டும். எங்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரகடம் பக்கம் வேலை. வேலை செய்வது காஞ்சிபுரம் மாவட்டம், படிப்பது கான்ஜி என்று முதல் வாரம் முழுக்கச் சிரித்தோம். இரண்டாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் ஜப்பானிய மொழி படிப்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. 2010-ல் ஒரகடத்தில் நிஸான்–ரெனோ கார் ஆலை திறந்தது. கொமாட்சு இருக்கிறது, இவற்றுக்குப் பாகங்கள் செய்துகொடுக்கும் சிறிய கம்பெனிகள் இருக்கின்றன, மஹிந்திரா வேர்ல்டு சிட்டி பக்கமும் ஜப்பானியக் கம்பெனிகள் உண்டு. சென்னையில் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக இந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கின்றன. மொழி தெரிந்தால் சம்பளம் கொஞ்சம் ஏறும், பயிற்சிக்கு ஜப்பான் அனுப்புவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அவ்வளவுதான்.

எங்கள் வகுப்பில் டிப்ளமோ முடித்த ஒரு தம்பி ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டான். "மேடம், கடைசில எழுத்து ஒரே மாதிரிதானே வருது? எந்தக் கோட்ட முதல்ல போட்டா என்ன?"

மேடம் சொன்னது ஒரே வரி. "போடுங்க. போடப் போடப் புரியும்."

அவன் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. விளைவு ஒன்றேயாக இருக்கும்போது வழிக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமா? பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாத ஒரு விஷயத்தில் சரி, தப்பு என்று ஒன்று உண்டா? மேடம் சொன்ன பதிலும் சின்னப் பதில் இல்லை. உலகத்தில் எல்லா அதிகாரமும் இதைத்தான் சொல்கிறது: முதலில் செய், பிறகு புரியும். சில இடங்களில் அது உண்மையாகிறது. சில இடங்களில் கடைசிவரை எதுவும் புரிவதில்லை, செய்வது மட்டும் நடக்கிறது. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் என் கவலை.

2

விதிகள் கடினமானவை இல்லை. மேலிருந்து கீழே. இடமிருந்து வலம். படுக்கைக் கோடும் செங்குத்துக் கோடும் வெட்டிக்கொண்டால் பெரும்பாலும் படுக்கைக் கோடு முதலில். நடுவில் ஒன்றும் இருபக்கமும் சிறகு மாதிரி இரண்டும் இருந்தால் நடு முதலில். 'தண்ணீர்' என்ற எழுத்து அப்படித்தான். சுற்றிலும் சட்டம் இருந்தால் மூன்று பக்கத்தைப் போட்டு, உள்ளே இருப்பதை எழுதி, கீழ்ப்பக்கத்தைக் கடைசியில் மூட வேண்டும்; 'நாடு' என்ற எழுத்து அப்படி. சீனக் குழந்தைகளுக்கு இதை 'முதலில் ஆள் உள்ளே போகட்டும், அப்புறம் கதவைச் சாத்து' என்று சொல்லிக்கொடுப்பார்கள். 'வாய்' என்ற எழுத்து வெறும் சதுரம். அதற்கு நான்கு பக்கம் என்பது கண்ணின் கணக்கு. கைக்கு அது மூன்றே கோடு: இடப்பக்கம் ஒன்று, மேலே போய் வளைந்து வலப்பக்கம் இறங்குவது ஒன்று, கீழே மூடுவது ஒன்று.

இந்த வரிசை எதற்கு? முதல் பதில் வேகம். இது பேனாவுக்கு முன்பே, தூரிகைக் காலத்தில் உருவான பழக்கம். ஒரு கோடு முடியும் இடத்திலிருந்து அடுத்த கோடு தொடங்கும் இடத்துக்குக் கை போக வேண்டும். நிதானமாக எழுதினால் தூரிகை முழுவதும் மேலே எழும்பி அடுத்த இடத்தில் இறங்கும், நடுவில் போன வழி தாளில் தெரியாது. அவசரமாக எழுதும்போது தூரிகை முழுக்க எழும்பாது. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே மெல்லிய இழை ஓடும். இன்னும் வேகம் கூடினால் இழையே கோடாகிவிடும், கோடுகள் கரைந்துவிடும். ஓட்ட எழுத்து, புல் எழுத்து என்று சீனத்தில் சொல்லப்படும் வேக வடிவங்கள் இப்படி வந்தவைதான். ஜப்பானியர்களின் ஹிரகனா எழுத்துகளும் சீன எழுத்துகளை வேகமாக எழுதி எழுதி உருவானவை. ஹிரகனாவின் 'அ', அமைதி என்று பொருள்படும் ஒரு சீன எழுத்தின் வேக உருவம். வரிசை தெரிந்த கண்ணுக்குத்தான் இந்த இழைகளைப் பின்தொடர்ந்து மூல எழுத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

நிதானத்தில் ஒளிந்திருக்கும் வரிசை அவசரத்தில் வெளியே வந்துவிடுகிறது. இதில் எனக்கு ஒரு பெரிய விஷயம் கிடைத்தது. மனிதர்களும் அப்படித்தானே? நேரம் இருக்கும்போது எல்லோரும் நல்லவர்கள். ஷிப்ட்டுக்கு நேரமாகி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, முன்னால் தடுக்கி விழுந்தவருக்குக் கை கொடுக்கிறோமா, சுற்றிக்கொண்டு ஓடுகிறோமா என்பதை யாரும் யோசித்து முடிவு செய்வதில்லை. அதற்கு முன்னால் ஆயிரம் தடவை கை எந்த வரிசையில் பழகியதோ அதுதான் வெளியே வரும்.

இத்தோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் சீன எழுத்துக்கலையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு எதிர்வாதம் இருக்கிறது.

வாங் ஷீஜி 353-ல் எழுதிய 'ஆர்க்கிட் மண்டப முன்னுரை' அந்தக் கலையின் உச்சம் என்று சொல்லப்படுகிறது. அதன் முதல் எழுத்து 'நிலைத்தது' என்று பொருள்படுவது. அடிப்படைக் கோடுகள் எட்டும் அந்த ஒரே எழுத்தில் இருப்பதால், பயிற்சியை இன்றும் அதில்தான் தொடங்குகிறார்கள். வாங் ஷீஜி கைப்பட எழுதிய மூலம் இன்று இல்லை. தாங் பேரரசர் தைசோங் அதைத் தன்னோடு புதைக்கச் சொல்லிவிட்டார் என்பது கதை. நம்மிடம் இருப்பவை பிரதிகள். அவற்றில் மிகப் புகழ்பெற்ற ஒன்று எப்படிச் செய்யப்பட்டது தெரியுமா? மூலத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, ஒவ்வொரு கோட்டின் விளிம்பையும் நகலெடுத்து, நடுவில் மையை நிரப்பி. அதாவது ஒரு கோட்டைக்கூட எழுதாமல். உலகத்தின் மிகச் சிறந்த கையெழுத்தின் மிக நெருக்கமான நகலில் கோட்டு வரிசை என்பதே இல்லை!

அப்படியானால் எங்கள் தம்பி கேட்டது சரிதான். விளைவு மட்டும் வேண்டும் என்றால் வரிசை தேவையில்லை, விளிம்பை வரைந்து மையை நிரப்பினால் போதும். அந்தப் பிரதியைச் செய்தவரை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அதுவும் அபாரமான திறமை. ஆனால் அவர் அன்று ஒரு எழுத்தை எழுதவில்லை, எழுத்தின் படத்தைச் செய்தார். அவர் நகலெடுத்த அந்த இருபத்தெட்டு வரிகளிலிருந்து இருபத்தொன்பதாவது வரி ஒன்றை எழுத அந்த வழி உதவாது. வரிசை தெரிந்த கைதான் இதுவரை இல்லாத வாக்கியத்தை எழுதும். முடிந்த காரியத்துக்கு வழி தேவையில்லை. அடுத்த காரியத்துக்கு வழி தேவை.

3

சரி, அந்த 'சரியான' வரிசை எது? இங்கேதான் எனக்கு முதல் அதிர்ச்சி.

'அரசன்' என்ற எழுத்து மூன்று படுக்கைக் கோடும் அவற்றை இணைக்கும் ஒரு செங்குத்துக் கோடும். ஜப்பானில் மேல்கோடு, உடனே செங்குத்துக் கோடு, பிறகு மீதி இரண்டு. சீனாவில் மேல்கோடு, நடுக்கோடு, அப்புறம் செங்குத்து, கடைசியில் அடிக்கோடு. 'வலது', 'இடது' என்ற இரண்டு எழுத்துகளின் மேல்பகுதியும் பார்க்க ஒரே மாதிரி: ஒரு படுக்கைக் கோடு, ஒரு சாய்கோடு. ஜப்பானில் 'இடது' என்று எழுத படுக்கைக் கோடு முதலில், 'வலது' என்று எழுத சாய்கோடு முதலில். சீனாவில் இரண்டுக்கும் படுக்கைக் கோடே முதலில். கோடிக்கணக்கான குழந்தைகள் கடலுக்கு அந்தப் பக்கம் 'தப்பாக' எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள்.

இந்த வரிசைகள் ஆதிகாலத்திலிருந்து அப்படியே வந்தவையும் இல்லை. பழைய எழுத்துக்கலைஞர்கள் ஒரே எழுத்தைப் பல வரிசைகளில் எழுதியிருக்கிறார்கள். சீன அரசு 7000 எழுத்துகளுக்கு ஒரே வரிசை என்று வகுத்தது 1997-ல். ஜப்பானிய கல்வி அமைச்சகம் கோட்டு வரிசைக்கான வழிகாட்டியை வெளியிட்டது 1958-ல். பள்ளியில் கற்பிக்க அன்று வகுத்திருந்த 881 எழுத்துகளுக்கு. அந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. வகுப்பறையில் குழப்பம் வராமல் இருக்கத்தான் ஒரு எழுத்துக்கு ஒரு வரிசை என்று தேர்ந்துகொண்டோம், இதில் சேர்க்காத வரிசைகளைத் தவறு என்று சொல்லவுமில்லை, மறுக்கவுமில்லை என்று அந்த நூலே அறிவித்துவிடுகிறது.

ஒரு அரசாங்கப் புத்தகம் தன் விதியின் எல்லையைத் தானே சொல்கிறது. பிறகு வந்த ஆசிரியர்கள் பலர் அந்தப் பத்தியை மறந்து, வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு, மாறி எழுதிய பிள்ளைகளுக்குச் சிவப்பு மையில் தப்புப் போட்டது வேறு கதை. விதி எழுதப்படும்போது அதன் காரணமும் கூடவே இருக்கிறது. கைமாறும்போது முதலில் தொலைவது காரணம்தான்.

4

நமக்கு இதெல்லாம் அந்நியம் என்று நினைக்க வேண்டாம். 'கொ' என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். முதலில் என்ன எழுதினீர்கள்? கொம்பு. பிறகு க. பிறகு கால். வாயில் முதலில் வருவது க் என்ற மெய், பின்னால் வருவது ஒ என்ற உயிர். கையில் முதலில் வருவதோ உயிரின் பாதி. நாக்கின் வரிசை வேறு, கையின் வரிசை வேறு. இந்த முரண்பாட்டோடு எத்தனையோ தலைமுறையாக எந்தச் சிரமமும் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

சிரமம் கணினி வந்தபோது வந்தது. தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் கையின் வரிசைதான்: கொம்பு, க, கால். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களும் அதே வழி. யூனிகோடு நாக்கின் வரிசையை எடுத்துக்கொண்டது: முதலில் க, பிறகு உயிர்க்குறி. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையிலும் மெய்க்குப் பிறகுதான் உயிர். திரையில் எல்லாம் ஒன்றுதான், அதே 'கொ'. ஆனால் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணத்தில் யூனிகோடில் 'கொடை' என்று தேடினால் கிடைக்காது. உள்ளே இருக்கும் எண்ணும் வேறு, வரிசையும் வேறு. கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்தியாசத்தால் எத்தனையோ பக்கங்கள் தேடலுக்கு அகப்படாமல் கிடக்கின்றன. தம்பியின் கேள்விக்கு நம் மொழியிலேயே ஒரு பதில்: பார்க்க ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒன்றல்ல.

இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்களேன். வேதாசலம் (1876–1950) என்ற பெயரில் வேதம் மறையானது, அசலம் மலையானது. அவர் மறைமலை ஆனார். பொருளில் ஒரு இம்மி மாற்றம் இல்லை. 1916-ல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமே ஒருவகையில் இந்த வாதம்தான்: சென்று சேரும் பொருள் ஒன்றாக இருக்கலாம், எந்தச் சொல் வழியாகச் சேர்கிறோம் என்பது முக்கியம். அவர் சொன்னதை ஏற்பதும் ஏற்காததும் நம் விருப்பம். வழி முக்கியமா என்ற கேள்வியை அற்பம் என்று மட்டும் சொல்ல முடியாது. அவர் பெயர் தாங்கிய ஊரில் உட்கார்ந்து சீன எழுத்து பழகுகிறோமே என்று அவர் கோபித்துக்கொள்வாரா என்று சிலசமயம் யோசிப்பேன். கோட்டு வரிசையைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் சமாதானமாகியிருப்பார் என்று படுகிறது.

5

நான் வேலை பார்ப்பது ஒரு பாகங்கள் செய்யும் கம்பெனியின் தரப் பிரிவில். பெயர் வேண்டாம். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் இந்த மாதிரிக் கம்பெனிகள் நிறைய.

எங்கள் லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மேலே ஒரு தாள் தொங்கும். எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று படம் போட்டு எண் கொடுத்திருக்கும். டொயோட்டா முறையில் 'நிலையான வேலை' என்பதற்கு மூன்று கூறுகள் சொல்வார்கள்: ஒரு பொருளுக்கு எவ்வளவு நேரம், எந்த வரிசை, இடையில் எத்தனை பாகம் கையிருப்பு. மூன்றில் ஒன்று வரிசை. கான்ஜி வகுப்பிலிருந்து ஷிப்ட்டுக்குப் போகும்போது எனக்குப் பெரிய மாற்றம் தெரிவதில்லை. அங்கே தாளில் கோடு, இங்கே போல்ட்.

ஒரு ஸ்டேஷனில் வட்டமான மூடியை ஆறு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஒன்று போட்டால் அடுத்தது அதற்கு எதிர்ப்பக்கம். பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக இறுக்கக் கூடாது. பஞ்சர் கடை அண்ணன் கார் சக்கரத்துக்கு நட்டு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். காரணம் இருக்கிறது. ஒரு பக்கமே இறுக்கிக்கொண்டு போனால் மூடி சாய்ந்து உட்காரும், கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கும், பின்னால் போட்ட போல்ட் முன்னால் போட்டதைத் தளர்த்திவிடும். கடைசியில் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தால் ஆறும் சரி என்றே காட்டலாம், பிடிப்பு மட்டும் ஆறிலும் ஒன்றாக இருக்காது. மாசக்கணக்கில் ஓடியபின் எங்கோ எண்ணெய் கசியும். விளைவில் தெரியாத வரிசைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்த ஸ்டேஷனில் ஒரு சட்டத்தில் ஆறு பிளாஸ்டிக் கிளிப் மாட்ட வேண்டும். தாளில் இடமிருந்து வலம், ஒன்றிலிருந்து ஆறு. இந்த வரிசைக்கும் காரணம் உண்டு. ஒரே ஒழுங்கில் போனால் ஒன்றை மறந்துவிட மாட்டோம், நடுவில் ஆள் மாறினாலும் அடுத்தவர் தொடரலாம். ஆனால் வலமிருந்து இடமாகப் போனாலும் இதே பயன்தான். கிளிப்புக்குக் கேஸ்கெட் இல்லை, சாய்வதற்கும் ஒன்றுமில்லை.

அங்கே காண்ட்ராக்டில் ஒரு அண்ணன் இருந்தார். நொட்டாங்கைக்காரர். அவர் வலமிருந்து இடமாக மாட்டுவார். ஒருநாளும் ஒரு கிளிப் விட்டதில்லை. கஸ்டமர் ஆடிட் அன்று வந்தவர் ஒருவர் தாளையும் பார்த்தார், அண்ணனின் கையையும் பார்த்தார், நோட்டில் எழுதிக்கொண்டார். வரிசை மீறல். மாலையில் லைன் லீடர் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார். "தாள்ல என்ன போட்டிருக்கு?" "இடதுலேர்ந்து சார்." "நீங்க?" "எனக்கு இந்தக் கைதான் சார் வரும்." அதற்குமேல் பேச்சு இல்லை. பாகத்தில் குறை எதுவும் இல்லை என்று என் தாளில் எழுதிக் கொடுத்தேன். வரிசை மீறலுக்கு வேறு தாள், வேறு துறை. அடுத்த மாதக் காண்ட்ராக்ட் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

என்னை உறுத்துவது இதுதான். போல்ட்டின் வரிசையும் கிளிப்பின் வரிசையும் அந்தத் தாள்களில் ஒரே அச்சில், ஒரே அளவில் இருக்கின்றன. ஒன்று இரும்பின் இயல்பிலிருந்து வந்தது. மற்றது வசதிக்காக யாரோ ஒருவர், அநேகமாக வலக்கைக்காரர், தேர்ந்தெடுத்தது. செய்கிறவருக்கு எது எது என்று தெரிய வழியில்லை. டொயோட்டா பயிற்சிக்குப் பயன்படுத்தும் வேலைப் பகுப்புத் தாளில் மூன்று பத்திகள் உண்டு: முக்கியப் படிகள், அவற்றில் கவனிக்க வேண்டியவை, அதற்கான காரணங்கள். எங்கள் கம்பெனியின் மூலத் தாளிலும் அந்த மூன்றாவது பத்தி இருந்தது. தமிழில் மாற்றி லைனில் மாட்டும்போது எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், இடம் போதவில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். கைமாறும்போது முதலில் தொலைவது காரணம்.

6

தமிழில் 'முறை' என்று ஒரு சொல் இருக்கிறது. எழுதும் முறை என்றால் வழி. தண்ணீர் முறை என்றால் யார் வயலுக்கு எப்போது என்கிற வரிசை. முறைப்பையன் என்றால் உறவு. 'முறையா இது?' என்று கேட்டால் நியாயமா என்று அர்த்தம். வள்ளுவர் அரசனின் நீதியையே முறை என்கிறார். வழி, வரிசை, உறவு, நீதி நான்குக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. அழகுதான், ஆபத்தும்கூட. வரிசை என்றாலே நியாயம் என்ற எண்ணம் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடும். கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, பந்தியில் யார் முதலில் உட்காருவது, தேர் எந்தத் தெருவில் திரும்பும், எந்தத் தெருவுக்குப் போகவே போகாது என்பதெல்லாம் 'காலங்காலமா வர்ற முறை' என்றுதான் சொல்லப்பட்டது. விளைவில் தெரியாத வரிசைகள் இல்லை அவை. மனிதர்களையே மேல்கோடு, அடிக்கோடு என்று அடுக்கிய வரிசைகள்.

சீனத்திலும் இந்தச் சண்டை பழையது. கோணல் மரத்தை ஆவியில் காட்டிச் சட்டத்தில் அழுத்தினால்தான் நேராகும், மனிதனும் அப்படித்தான், சடங்கும் ஒழுங்கும்தான் அவனை ஆளாக்கும் என்றார் ஷூன்ஸி. ஜுவாங்ஸி சொன்ன கதையில் ஒரு சமையல்காரர் மாட்டை அறுக்கிறார். எலும்பும் தசையும் தாமாகப் பிரியும் இடைவெளியில் மட்டும் கத்தியை ஓட்டுகிறார். 19 ஆண்டுகளாக அதே கத்தி, புதிது போல. ஒருவருக்கு ஒழுங்கு வெளியிலிருந்து வர வேண்டும். இன்னொருவருக்கு அது பொருளுக்குள்ளேயே இருக்கிறது, கை கண்டுபிடித்தால் போதும். போல்ட்டின் வரிசை ஜுவாங்ஸியின் வகை. கிளிப்பின் வரிசை ஷூன்ஸியின் வகை. கோட்டு வரிசை இரண்டும் கலந்தது. தூரிகையின் ஓட்டம் பாதி, 1958-ன் அமைச்சகம் பாதி.

ஆலைக்குள் நின்று இதை யோசித்தவர் சிமோன் வெய். தத்துவ ஆசிரியையான அவர் 1934 டிசம்பரில் பள்ளியிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிஸ் பக்கத்து ஆலைகளில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். 1935 கோடையில் வேலை பார்த்தது ரெனோவில். வேலை கடினம் என்பதைவிட, தன் கை ஏன் இதைச் செய்கிறது என்று தெரியாமல் கட்டளைக்கும் வேகத்துக்கும் உடலைக் கொடுத்துவிடுவதுதான் அவரை நொறுக்கியது. அடிமைத்தனம் என்றே அதைக் குறிப்பிட்டார். ஓட்டப்பந்தயக்காரனின் தாளமும் இயந்திரத்தின் தாளமும் ஒன்றல்ல என்று அவர் பிரித்துக் காட்டியது எனக்கு மிகவும் உதவியது. முதலாவதில் சின்னச் சின்ன நிறுத்தங்கள் உண்டு, உடல் தன்னைத் தெரிந்துகொள்ளும். இரண்டாவதில் அது கிடையாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செங்கல் அடுக்குவதைக் கவனித்த ஃபிராங்க் கில்பிரெத் ஒரு கல்லுக்கு 18 அசைவுகள் இருந்ததை 5 ஆகக் குறைத்தார் என்று டெய்லர் 1911-ல் எழுதினார். ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிர்ந்து முதுகு ஒடிந்தவர்களுக்கு அது விடுதலையும்கூட. வகுத்துக் கொடுத்த வரிசை என்றாலே ஒடுக்குமுறை என்று சொல்வது வேலை செய்யாதவர்களின் சொகுசு. நல்ல வரிசை கையைக் காப்பாற்றும்.

அப்படியானால் எந்த வரிசைக்குத் தலை வணங்கலாம்? எனக்கு நான்கு கேள்விகள் கிடைத்திருக்கின்றன.

ஏன் என்று கேட்டால் பதில் கிடைக்குமா? பதில் உடனே புரியாமல் போகலாம், பரவாயில்லை. கேட்டவனைத் தண்டிக்கக் கூடாது. 'போடப் போடப் புரியும்' என்பது ஒரு வாக்குறுதி. கான்ஜி விஷயத்தில் அது நிறைவேறியது: சில மாதங்களில் முன்பின் பார்க்காத எழுத்தையும் எங்கே தொடங்க வேண்டும் என்று கை தானாகவே சொன்னது. வாக்குறுதி நிறைவேறாத இடத்தில் அதைத் திரும்பக் கேட்க உரிமை இருக்க வேண்டும்.

விதித்தவரையும் அது கட்டுப்படுத்துமா? மேடமும் பலகையில் அதே வரிசையில்தான் எழுதுகிறார். போல்ட்டை முதலாளியே இறுக்கினாலும் எதிரெதிராகத்தான் இறுக்க வேண்டும். பந்தியின் வரிசையை வகுத்தவர் என்றைக்கும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்ததில்லை.

தன் எல்லையை அது ஒப்புக்கொள்கிறதா? 1958-ன் வழிகாட்டி ஒப்புக்கொண்டது. வலக்கைக்கு இழுப்பதாக வரும் கோடு இடக்கைக்குத் தள்ளுவதாக வரும். வலக்கைக்காரர்கள் செய்த வரிசை எல்லா உடலுக்கும் பொருந்தும் என்று சொல்ல எந்த விதிக்கும் அதிகாரம் இல்லை.

கடைசியாக, அது எதை வரிசைப்படுத்துகிறது? கோட்டையா, போல்ட்டையா, ஆளையா? கோட்டை அடுக்கும் வரிசை என் கையை வளர்க்கும். ஆளை அடுக்கும் வரிசை யாரோ ஒருவர் கையைக் குறைத்துத்தான் நிற்கும். கிளிப் தாள் முதல் வகையாகத் தொடங்கி, அந்த மாலையில் இரண்டாவது வகையாக மாறியது. கிளிப்பின் வரிசையைக் காப்பாற்ற ஒரு ஆளை வரிசையிலிருந்து எடுத்தார்கள்.

தம்பிக்கு நான் சொல்ல நினைப்பது: ஆமாம், சில வரிசைகளில் எந்தக் கோடு முதலில் என்பது ஒன்றும் பெரிதில்லை. சிலவற்றில் அதுதான் எல்லாம். எது எது என்று தெரிந்துகொள்ளும்வரை சொன்னபடி போடு, ஆனால் கேட்பதை நிறுத்தாதே. தாளை எழுதுகிற இடத்துக்கு நீ ஒருநாள் வந்தால் காரணத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கு. இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்கு.

இப்போது ஸ்டேஷன் தாள்களைத் திருத்தும் வேலை எங்கள் பிரிவுக்கு வந்திருக்கிறது. மூன்றாவது பத்தியைத் திரும்பச் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். போல்ட் தாளுக்கு உடனே ஒப்புதல் கிடைத்தது. கிளிப் தாளில் காரணத்துக்கு நேரே, 'ஒன்றும் விட்டுப்போகாமல் இருக்க. வலமிருந்தும் தொடங்கலாம்' என்று எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.